வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஒரு வெள்ளி ஏற்றினேன்: சரியா, தவறா?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் செந்தூலில் சிறிய சைவ உணவுக்கடை நடத்துகிறோம். 2021-இலிருந்து வாழையிலைச் சாப்பாடு 9 வெள்ளிக்குத்தான் (மலேசிய ரிங்கிட்) கொடுத்து வந்தோம். 2025 தீபாவளி முடிந்ததும், நவம்பரில் 10 வெள்ளியாக்கினோம். அக்டோபரில் நாளுக்குச் சராசரி 120 இலை போனது. நவம்பரில் 104 ஆகிவிட்டது. கல்லாவில் தினமும் 40 வெள்ளி குறைகிறது. பழைய விலைக்கே போய்விடலாம் என்கிறார் கணவர். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பொருளியல் படிக்கும் மகளும் "எலாஸ்டிசிட்டி ஒன்றுக்கு மேலேம்மா, ஏற்றியது தப்பு" என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறாள். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. எல்லாச் செலவும் போக மாதம் 3,000 வெள்ளி போல நிற்கிறது.

இன்னும் சில சந்தேகங்கள். பணவீக்கம் 2 விழுக்காடுகூட இல்லை என்று செய்தியில் சொல்கிறார்கள். என் மளிகைப் பில் அப்படிச் சொல்லவில்லையே? ஜூலையில் வட்டி குறைந்தபோது வீட்டுக் கடன் தவணை கொஞ்சம் இறங்கியது. வேன் தவணை ஒரு காசுகூட இறங்கவில்லை, ஏன்? அரசாங்கமே எல்லாச் சாமானுக்கும் விலை கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே? மகளுக்குத் தேர்வு வருகிறது. மைக்ரோ எது, மேக்ரோ எது என்று அவளும் குழம்பிப்போய் இருக்கிறாள். ஓர் இலைக்கு ஆகும் செலவைக் கணக்கெடுத்து இணைத்திருக்கிறேன்.

— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். இப்போதைக்கு 10 வெள்ளியிலேயே இருங்கள். பழைய விலைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் உங்கள் கணக்கில் எனக்குத் தெரியவில்லை. கணவர் சொல்வதும் மகள் சொல்வதும் கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் இருவருமே கல்லாவுக்குள் வரும் பணத்தைப் பார்க்கிறார்கள். கடைக்காரர் பார்க்க வேண்டியது அதிலிருந்து கையில் நிற்பதை.

நீங்கள் அனுப்பிய பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஓர் இலைக்கு அரிசி 150 கிராம், 54 காசு. மூன்று வகைக் கறி 1.60. சாம்பார், ரசம், மோர் 1.30. அப்பளமும் எண்ணெயும் 60 காசு. வாழையிலை 30 காசு, கேஸ் 46 காசு, மிஞ்சி வீணாவது 70 காசு. மொத்தம் 5.50. (வீணாவதையும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் விட்டுவிடும் வரி அது.) இதுதான் ஓர் இலை கூடினால் கூடும், ஓர் இலை குறைந்தால் குறையும் செலவு. மகளின் பாடத்தில் இதற்கு மாறும் செலவு என்று பெயர். வாடகையும் சம்பளமும் 104 இலை போனாலும் 120 இலை போனாலும் அப்படியேதான் இருக்கும். அவை நிலைச் செலவு.

9 வெள்ளிக்கு விற்றபோது ஓர் இலைக்கு நின்றது 3.50. அதை 120-ஆல் பெருக்கினால் நாளுக்கு 420 வெள்ளி. 10 வெள்ளிக்கு விற்கும்போது நிற்பது 4.50. 104 இலைக்கு 468 வெள்ளி. கல்லாவில் 1,080 வெள்ளி 1,040 ஆனது உண்மை. ஆனால் 16 இலைக்கான அரிசியும் காய்கறியும் எண்ணெயும் நீங்கள் வாங்கவே இல்லையே. அந்த 88 வெள்ளி மிச்சம். வரவு 40 குறைந்து, செலவு 88 குறைந்ததால் கையில் நிற்பது 48 வெள்ளி கூடியிருக்கிறது.

மகள் போட்ட எலாஸ்டிசிட்டிக் கணக்கு, அதாவது விலை ஒரு விழுக்காடு ஏறினால் விற்பனை எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று காட்டும் தேவை நெகிழ்ச்சி, என்ன சொல்கிறது? விலை 11.1 விழுக்காடு ஏறியது, விற்பனை 13.3 விழுக்காடு இறங்கியது, வகுத்தால் 1.2. ஒன்றுக்கு மேல் இருப்பதால் விலையேற்றத்தில் மொத்த வரவு குறையும். பாடப்புத்தகம் சொல்வது அவ்வளவுதான், வரவைப் பற்றி மட்டும். இலாபம் குறையும் என்று அது எங்கும் சொல்லவில்லை. முதலாண்டு மாணவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தேர்வில் வரவு என்று கேட்டிருக்கிறார்களா, இலாபம் என்று கேட்டிருக்கிறார்களா என்று கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பழைய எண்ணுக்குப் பதிலாகப் பழையதும் புதியதும் சேர்ந்த சராசரியால் வகுக்கும் நடுப்புள்ளி முறையில் போட்டால் இதே கணக்குக்கு விடை 1.36 வரும். விரிவுரையாளர் எந்த முறையை எதிர்பார்க்கிறார் என்பதை அவள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குத் தேவையான எண் வேறு. எத்தனை இலை வரை விற்பனை இறங்கினாலும் பழைய இலாபம் கெடாது? 420-ஐ 4.50-ஆல் வகுத்துப் பாருங்கள், 93.3 வரும். அதாவது 94 இலை போகும் வரை நீங்கள் முன்பைவிடக் கீழே போகவில்லை. அந்த எண்ணைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பொருளுக்கு விலை ஏற்றினாலும் இப்படி ஓர் எண்ணை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு ஏற்றுவது நல்லது. ஏற்றிய பிறகு கூட்டம் குறைந்ததைப் பார்த்துப் பதறி இறக்குவதுதான் கடைகளில் அதிகம் நடக்கிறது.

ஆனாலும் 48 வெள்ளி என்பதை முழுசாக நம்பிவிடாதீர்கள். இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, வராமல் போன 16 பேரும் சாப்பாட்டோடு ஏதாவது குடித்திருப்பார்கள். தே தாரேக்கோ லைம் ஜூஸோ, ஒரு கிளாஸுக்கு 1.20 நிற்கும் என்று வைத்தால் 19.20 வெள்ளி போச்சு. மீதம் 28.80.

இரண்டாவது ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. இலைச் சாப்பாட்டில் சோறும் கறியும் கேட்கக் கேட்கப் பரிமாறுகிறீர்கள். விலை ஏறினால் முதலில் யார் கழன்றுகொள்வார்கள்? ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுகிறவர். 10 வெள்ளி கொடுத்து அவ்வளவுதான் சாப்பிட வேண்டுமா என்று அவர் பக்கத்துக் கடையில் மீ கோரேங் சாப்பிடப் போய்விடுவார். மூன்று முறை சோறு வாங்குகிறவருக்கு 10 வெள்ளியும் மலிவுதான். அவர் எங்கும் போகமாட்டார். ஆக, மிச்சம் இருப்பவர்களில் நிறையச் சாப்பிடுகிறவர்களின் பங்கு கூடும், ஓர் இலைக்கு ஆகும் சராசரிச் செலவும் ஏறும். வெறும் 30 காசு ஏறி 5.80 ஆனாலே 104 இலைக்கு 31.20 வெள்ளி. மீதம் இருந்த 28.80 போய், முன்பைவிட 2.40 வெள்ளி நட்டத்தில் வந்து நிற்கும்.

அதனால் இரண்டு வாரம் அரிசியை நிறுத்துப் பாருங்கள். காலையில் உலையில் போடும் அரிசியைக் கிலோவில் எழுதுங்கள்; மிஞ்சிய சோற்றையும் நிறுங்கள், மூன்று கிலோ சோற்றை ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி என்று கழித்துக்கொள்ளலாம். வருவதை அன்றைய இலை எண்ணிக்கையால் வகுங்கள். 150 கிராமுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கவலை வேண்டாம். 190, 200 என்று போனால் கறியும் சாம்பாரும் அதே அளவுக்குக் கூடியிருக்கும். அப்படியானால் விலையை இறக்குவதைவிட, மறுசோறு இல்லாத சிறிய இலை ஒன்றை 8 வெள்ளிக்குப் போடலாம். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் திரும்பி வருவார். அவருக்கு ஆகும் செலவு 4 வெள்ளிக்குள் நின்றால் அதிலும் உங்களுக்கு 4 வெள்ளி நிற்கும். பொட்டலத்துக்கும் இதே வழிதான். தாபாவ் வாங்குகிறவர் மறுசோறு கேட்பதில்லை. அவரிடமும் அதே 10 வெள்ளி வாங்குவது அவரை விரட்டுவதாகும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். அக்டோபரையும் நவம்பரையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் நடத்துவது சைவக் கடை. புரட்டாசி அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. தீபாவளி அந்த மாதம் 20-ஆம் தேதி. அதற்குப் பிறகு கந்த சஷ்டி விரதம். வழக்கமாகக் கறி, மீன் சாப்பிடுகிறவர்கள்கூட அந்த வாரங்களில் உங்கள் கடைப் பக்கம் வந்திருப்பார்கள். நவம்பரில் அவர்கள் அசைவத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நீங்கள் விலையை ஏற்றாமலே இருந்திருந்தாலும் 120 நிலைத்திருக்காது.

பொருளியலில் எல்லாக் கணக்குக்கும் முன்னால் "மற்றவை மாறாமல் இருந்தால்" என்று ஒரு நிபந்தனை போடுவது இதற்காகத்தான். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக் கோடு. விலை ஏறியதால் வாங்குவது குறைந்தால், அது அதே தேவைக் கோட்டின்மீது மேலே நகர்வது. புரட்டாசி முடிந்ததால் குறைந்தால், கோடே இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. முதலாவதுக்கு விலையை இறக்குவது மருந்து. இரண்டாவதுக்கு விலையை இறக்கினாலும் அந்தக் கூட்டம் அடுத்த புரட்டாசிவரை வராது. முந்தைய ஆண்டு நவம்பர் பில் புத்தகத்தை எடுங்கள். அப்போது 9 வெள்ளிக்கு நாளுக்கு 112 இலை போயிருந்தது என்று வைப்போம். அப்படியானால் விலையால் குறைந்தது 8 இலைதான், 7.1 விழுக்காடு. நெகிழ்ச்சி 1.2 இல்லை, 0.64. மகளின் முடிவு அப்படியே தலைகீழாகிறது. ஒப்பிட்டால் நவம்பரை நவம்பரோடு ஒப்பிடுங்கள். தைப்பூச விரத வாரங்களின் விற்பனையையும் தனியாக எழுதுங்கள். அதைச் சேர்த்தால் விலையேற்றத்தால் கூட்டம் கூடியதுபோல் காட்டி ஏமாற்றும்.

வார நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் பிரித்து எழுதினால் இன்னும் தெளிவு கிடைக்கும். மதிய இடைவேளையில் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுத் திரும்ப வேண்டிய அலுவலகக்காரர், நடந்து போகும் தூரத்தில் வேறு இலைச் சாப்பாடு இல்லையென்றால் உங்களிடம்தான் வருவார். ஞாயிறன்று காரில் குடும்பத்தோடு வருகிறவருக்குப் பிரிக்பீல்ட்ஸும் ஜாலான் ஈப்போவும் ஒன்றுதான். மாற்று எவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நெகிழ்ச்சி கூடும். அது முழுமையாகத் தெரிய மூன்று மாதமாவது ஆகும், ஏனென்றால் வாடிக்கையை மாற்றிக்கொள்ள மனிதர்களுக்கு நாள் பிடிக்கிறது.

அந்த 3,000 வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணக்கர் அதை இலாபம் என்பார். பொருளியல் அதற்குமுன் ஒன்று கேட்கும்: நீங்கள் இருவரும் இந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போயிருந்தால்? குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. இருவருக்கும் 3,400. அதோடு முதலாளி செலுத்தும் ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, ஆளுக்கு 221. ஆக 3,842 வெள்ளியை விட்டுக்கொடுத்துத்தான் 3,000 சம்பாதிக்கிறீர்கள். இதுதான் வாய்ப்புச் செலவு. வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. கடையில் நீங்கள் நிற்பது அதற்கு மேல் இருக்கும் என்றே நினைக்கிறேன். கடையை மூடச் சொல்வதாக எண்ண வேண்டாம். சொந்தக் கடை தரும் சுதந்திரத்துக்கும், ஊன்றிப் பெற்ற வாடிக்கைக்கும் மதிப்பு உண்டு, அது உங்கள் கையில் இருக்கும் முடிவு. ஆனால் உங்கள் இருவரின் உழைப்புக்கு விலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு 9 வெள்ளிக்குத் திரும்பலாமா என்று யோசிக்காதீர்கள். சேமநிதியில் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் தாமாகச் செலுத்தலாம். ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. முதுமைக்கு எதுவும் எடுத்து வைக்காமல் கடை நடத்தும் தம்பதிகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. மாதம் 100 வெள்ளியாவது போடத் தொடங்குங்கள்.

விலைக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023-இல் அரிசிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். உள்ளூர் வெள்ளை அரிசிக்குக் கிலோ 2.60 என்று உச்ச விலை, 10 கிலோ பை 26 வெள்ளி. அந்த ஆண்டு ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. செப்டம்பர் 1 முதல், அரிசி இறக்குமதி உரிமை பெற்ற பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆக்கியது. கிலோவுக்கு 85 காசு. உள்ளூர் அரிசி மட்டும் 2.60-இலேயே கட்டுண்டு நின்றது. அதுவரை இறக்குமதி அரிசி வாங்கியவர்களும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். அந்த விலைக்குக் கூடுதலாக அனுப்ப ஆலைக்காரருக்குத் தூண்டுதல் இல்லை. கடையில் உள்ளூர் அரிசி இருந்த அடுக்கு காலி. காகிதத்தில் 2.60 என்று இருக்கிறது, பையைத்தான் காணோம். வாங்க விரும்பும் அளவும் விற்க விரும்பும் அளவும் சமமாகும் சந்தைச் சமநிலை விலைக்குக் கீழே உச்ச விலை கட்டினால் தட்டுப்பாடு வரும் என்று மகளின் புத்தகத்தில் ஒரு படம் இருக்குமே, அது இதுதான்.

நீங்கள் வாங்கும் புழுங்கல் பொன்னிக்கு வேறு கதை. அதற்கு இந்தியா தடை போடவில்லை. 2023 ஆகஸ்டு 25 முதல் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டு, 2024 அக்டோபரில் அதை முழுவதும் நீக்கியது. உங்கள் மொத்த வியாபாரியிடம் அந்த இறக்கம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். வந்திருக்காவிட்டால், செலாயாங் மொத்தச் சந்தையான பாசார் போரோங்கில் இன்னும் இரண்டு பேரிடம் விலை விசாரிக்க அது போதிய காரணம்.

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோழிக்கு உச்ச விலையோடு உற்பத்தியாளருக்கு மானியமும் கொடுத்தார்கள். விலைக்கும் அடக்கத்துக்கும் இடையிலான பள்ளத்தை அரசாங்கப் பணம் நிரப்பியது. 2023 நவம்பர் 1-இல் இரண்டையும் எடுத்தார்கள். அப்படி நிரப்பப் பணம் வேண்டும், அது வரியிலிருந்து வருகிறது. எல்லாச் சாமானுக்கும் செய்ய முடியாது. ஏழைக் குடும்பத்துக்கு நேரடியாகப் பணமாகக் கொடுத்து, விலையைச் சந்தையிடம் விடுவது பல நேரங்களில் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

இனிப் பணவீக்கம். செய்தியில் வரும் எண் பொய் இல்லை, ஆனால் அது உங்கள் எண்ணும் இல்லை. புள்ளிவிவரத் துறை ஒரு சராசரிக் குடும்பத்தின் கூடையை எடுத்துக்கொள்கிறது. அதில் உணவுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு எடைதான். வீடு, மின்சாரம், போக்குவரத்து, தொலைபேசி என்று மற்றவை எழுபது. உங்கள் இலைக் கணக்கில் உணவும் எண்ணெயும் கேஸும்தான் எல்லாம். உணவு விலை வேகமாக ஏறும் ஆண்டில் உங்கள் எண் தேசிய எண்ணைவிட உயரத்தான் செய்யும்.

இன்னொரு குழப்பமும் பலருக்கு இருக்கிறது. பணவீக்கம் 2022-இல் 3.3, 2023-இல் 2.5, 2024-இல் 1.8 விழுக்காடு. இறங்கியது வேகம், விலை இறங்கவில்லை. மூன்றையும் அடுக்கிப் பெருக்கினால் 2021-இல் 100 வெள்ளிக்கு வாங்கிய கூடை 2024-இல் 107.80. நீங்கள் 9 வெள்ளியைத் தொடாமல் வைத்திருந்ததால் அந்த 9 வெள்ளியின் வாங்கும் சக்தி 2021 கணக்கில் 8.35 ஆகிவிட்டது. அதாவது வெளியே சொல்லாமல் மூன்று ஆண்டுகளாக விலையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். 2024-இலேயே 9.70 வாங்கியிருந்தால்தான் பழைய நிலை. நவம்பரில் ஏற்றிய ஒரு வெள்ளியில் பெரும்பகுதி விட்டதைப் பிடித்ததுதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வெள்ளி என்று அதிர்ச்சி கொடுப்பதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை 30 காசு, 40 காசு என்று ஏற்றினால் வாடிக்கையாளர் மனம் கோணாது.

உங்கள் சொந்தப் பணவீக்கத்தை நீங்களே எடுக்கலாம். அதிகம் செலவாகும் பத்துச் சாமானைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதத்தில் வாங்கிய அளவை எழுதுங்கள், பொன்னி இத்தனை கிலோ, உளுந்து இத்தனை, வெங்காயம், எண்ணெய் என்று. அந்த அளவை மாற்றவே கூடாது. அதே அளவுக்குப் போன ஆண்டு பில்படி எவ்வளவு, இன்றைய விலைக்கு எவ்வளவு என்று இரண்டு கூட்டுத்தொகை போடுங்கள். 14,000 வெள்ளி 14,560 ஆகியிருந்தால் உங்கள் பணவீக்கம் 4 விழுக்காடு. அளவை மாற்றிவிட்டால் விலை ஏறியதா, வியாபாரம் கூடியதா என்று பிரிக்க முடியாமல் போகும். மளிகைப் பில்லை அப்படியே பார்த்துப் பயப்படுகிறவர்கள் செய்கிற பிழை அது.

வேன் தவணைக்குப் பதில் சுருக்கமானது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலை 9-இல் ஓபிஆர் எனப்படும் ஓரிரவுக் கொள்கை வட்டியை 3.00-இலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது. உங்கள் வீட்டுக் கடன் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் வகை. 300,000 வெள்ளி பாக்கி, 25 ஆண்டு மீதம் என்றால் 4.25-இலிருந்து 4.00 ஆகும்போது மாதம் ஏறக்குறைய 42 வெள்ளி குறையும். வேன் கடன் வாடகைக் கொள்முதல். ஒப்பந்தம் போட்ட அன்றே வட்டி மொத்தமும் கணக்கிட்டு மாதங்களால் வகுக்கப்பட்டுவிட்டது. அது குறையாது, பேங்க் நெகாரா வட்டியை ஏற்றினாலும் ஏறாது. இனிமேல் வண்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 50,000 வெள்ளிக்கு 3.5 விழுக்காடு என்று அந்த முறையில் சொன்னால், 5 ஆண்டில் வட்டி 8,750, தவணை 979 வெள்ளி. ஆனால் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வரும்போதும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 6.5 விழுக்காடு. வீட்டுக் கடனின் 4 விழுக்காட்டோடு இந்த 3.5-ஐ ஒப்பிட்டு மலிவு என்று நினைத்துவிடக் கூடாது.

மகளுக்கு: ஒரு கடை, ஒரு குடும்பம் எடுக்கும் முடிவைப் பார்ப்பது மைக்ரோ, நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்ப்பது மேக்ரோ. ஆனால் அது சின்னது, பெரியது என்ற வேறுபாடு மட்டும் இல்லை. ஒருவருக்குச் சரியானது எல்லாரும் சேர்ந்து செய்யும்போது சரியாக இருக்க வேண்டியதில்லை, அதனால்தான் இரண்டு பாடம். உன் அம்மாவின் கடையிலேயே இரண்டும் இருக்கின்றன. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,500-இலிருந்து 1,700 ஆனது. கடைக்கு அது செலவு: இரண்டு உள்ளூர்ப் பணியாளர்கள் என்று வைத்தால் சேமநிதியோடு மாதம் 452 வெள்ளி கூடுதல், 26 நாள், நாளுக்கு 104 இலை என்று பரப்பினால் இலைக்கு 17 காசு. இது மைக்ரோ. ஆனால் அதே 200 வெள்ளி, நாடு முழுவதும் எத்தனையோ பேர் கையில் வருமானமாகப் போய், அதில் ஒரு பகுதி இலைச் சாப்பாடாகத் திரும்பி வருகிறது. இது மேக்ரோ. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

கோவிட் பரவிய 2020-ஐயும் எடுத்துக்கொள். வருமானம் நிற்குமோ என்று ஒவ்வொரு குடும்பமும் செலவைச் சுருக்கியது, அந்தக் குடும்பத்துக்கு அது நியாயமான முடிவு. ஆனால் ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம். கடைகளை மூடவைத்த நடமாட்டக் கட்டுப்பாட்டோடு இதுவும் சேர்ந்தது. அந்த ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி 5.5 விழுக்காடு சுருங்கியது. மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காட்டைத் தொட்டது. பேங்க் நெகாரா ஆண்டுத் தொடக்கத்தில் 3.00 ஆக இருந்த வட்டியை ஜூலைக்குள் 1.75-க்கு இறக்கியது ஏன் என்று யாராவது கேட்டால், குடும்பமும் நிறுவனமும் பின்வாங்கும்போது கடன் வாங்கிச் செலவிடுவதை மலிவாக்கினால் யாராவது முன்வருவார்கள் என்பதற்காக என்று எழுது. அரசாங்கம் தானே செலவைக் கூட்டுவது நிதிக் கொள்கை, மத்திய வங்கி வட்டியைத் தொடுவது பணக் கொள்கை. இந்த இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண்ணை இழக்காதே.

மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இடைநிலைப் பொருளை இரண்டு முறை எண்ணக் கூடாது என்பதற்கும் உன் வீட்டு இலையையே உதாரணம் காட்டலாம். 10 வெள்ளி இலையில் அரிசி, காய்கறி, கேஸ் 5.50 ஏற்கெனவே வேறு யாரோ உற்பத்தி செய்தது (அதில் இந்தியப் பொன்னி நம் நாட்டுக் கணக்கிலேயே சேராது, இறக்குமதி என்று கழிந்துவிடும்). கடை சேர்த்த மதிப்பு 4.50; கூலி, வாடகை, வட்டி, இலாபம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

வரைபடக் கேள்வி வந்தால் உடனே கோடு போடத் தொடங்காதே. எந்தச் சந்தை, யார் மாறினார் (வாங்குகிறவரா, விற்கிறவரா), எந்தப் பக்கம், இந்த மூன்றையும் ஓரத்தில் எழுதிவிட்டு, ஒரே ஒரு கோட்டை மட்டும் நகர்த்து. பழைய விலை, புதிய விலை, பழைய அளவு, புதிய அளவு நான்குக்கும் அச்சில் பெயரிடு. இந்தியா அரிசிக்குத் தடை போட்டது என்றால் நம் சந்தையில் நகர்வது, எந்த விலைக்கு எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் அளிப்புக் கோடு. விலை ஏறியதால் மக்கள் குறைவாக வாங்குவது அந்த நகர்வின் விளைவு, அதற்காகத் தேவைக் கோட்டையும் சேர்த்து நகர்த்தினால் விடை கெட்டுவிடும்.

சகோதரி, முந்தைய ஆண்டு நவம்பர் பில் புத்தகம் கிடைத்தால் அந்த இலை எண்ணிக்கையையும், இரண்டு வார அரிசி நிறையையும் எனக்கு அனுப்புங்கள். 8 வெள்ளிச் சிறிய இலை போடலாமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு எண்ணைப் பார்த்தே சொல்லிவிட முடியும்.